நாலு மணித் தேநீரும் லண்டன் ஹோட்டல்களும்: வகுப்பறைக்கு ஒரு வரலாறு

 

வார இறுதியானால் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பெரிய ஹோட்டல்களில் ‘ஹை-டீ’ நடக்கும். நாசி லெமாக், சாத்தே, கறிபாப், கேக், ஐஸ்கிரீம் என்று வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். பணி ஓய்வு பெறும் ஆசிரியருக்கு விடை கொடுக்கக்கூட நாம் அங்கேதான் போகிறோம். ‘ஹை’ என்ற சொல் முன்னால் நிற்பதால், இது பிரபுக்களின் விருந்து என்று மாணவர்களும் நினைத்துக்கொள்கிறார்கள்.

உண்மை அப்படியே தலைகீழ். இங்கிலாந்தில் ‘ஹை டீ’ என்றால் ஆலையிலும் சுரங்கத்திலும் வேலை முடிந்து வீடு திரும்பிய தொழிலாளியின் அந்திச் சாப்பாடு. உணவு மேசையில் இறைச்சி, ரொட்டி, பாலாடைக்கட்டி, கூடவே ஒரு பெரிய கோப்பைத் தேநீர். உயரமான சாப்பாட்டு மேசையில் பரிமாறியதால் அந்தப் பெயர் வந்தது என்பது ஒரு விளக்கம். சீமாட்டிகள் வரவேற்பறையில் தாழ்வான சிறு மேசைகளைச் சுற்றி அமர்ந்து, நாலு மணி, ஐந்து மணி வாக்கில் குடித்ததுதான் ‘ஆஃப்டர்நூன் டீ’, அதாவது பிற்பகல் தேநீர். இன்று லண்டனின் பெரிய ஹோட்டல்களில் வெள்ளி வடிகட்டியும் மூன்றடுக்குத் தட்டுமாக வருவது இந்த இரண்டாவது வகை.

ஒரு சொல்லே இவ்வளவு இடம் மாறி வந்திருக்கிறது என்றால், அந்த மேசையில் உள்ள மற்ற பொருள்கள் எங்கிருந்து வந்தன? ‘பாரம்பரியம்’ என்று ஹோட்டல்காரர்கள் அச்சிட்டுத் தருவதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கதை? அந்த வரலாற்றில் நம்ம ஆட்களுக்கு இடம் உண்டா? இந்த மூன்று கேள்விகளோடு லண்டனுக்குப் போய் வருவோம் வாங்க.

இலை வந்த வழி

முதலில் சொல்லைப் பார்ப்போம். சீனாவின் ஃபுஜியான் கடற்கரையில் பேசப்படும் ஹொக்கியன் மொழியில் இந்த இலைக்குப் பெயர் ‘தே’. அங்கே வணிகம் செய்த டச்சுக்காரர்கள் அந்தச் சொல்லை ஐரோப்பாவுக்கு ஏற்றிச் சென்றார்கள். ஆங்கில ‘டீ’ அதிலிருந்து வந்தது. மலாய் மொழியின் ‘தே’யும் அதே வேர்தான். மக்காவ் வழியாக வணிகம் செய்த போர்த்துக்கீசியர்கள் ‘சா’ என்ற ஒலிப்பைக் கொண்டுபோனார்கள். தமிழ் ‘தே’ என்பதோடு இலையையும் நீரையும் சேர்த்துக்கொண்டது: தே + இலை = தேயிலை, தே + நீர் = தேநீர். ஏகாரத்தின் பின் உயிர் வந்தால் யகரமோ வகரமோ உடம்படுமெய்யாகத் தோன்றலாம் என்று படிவம் ஒன்று மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோமே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. நம் வீட்டுப் பாட்டிகள் சொல்லும் ‘தேத்தண்ணி’யும் இதே குடும்பம்.

லண்டனில் தேநீர் முதலில் காப்பிக் கடைகளில்தான் விற்றது. 1658 செப்டம்பரில் வெளியான ஒரு செய்தித்தாளில் தேநீருக்கான விளம்பரம் இருக்கிறது. கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பெப்பிஸ், 1660 செப்டம்பர் 25 அன்று தாம் முதல்முறையாகத் தேநீர் குடித்ததைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இரண்டு ஆண்டு கழித்து, 1662இல், இரண்டாம் சார்லஸ் மன்னர் போர்த்துக்கீசிய இளவரசி கேத்தரினை மணந்தார். போர்த்துக்கல் அரண்மனையில் தேநீர் ஏற்கெனவே பழக்கம். புது அரசி குடித்தார். அரசியைப் பார்த்து அரண்மனைப் பெண்கள் குடித்தார்கள். அந்தத் திருமணத்தில் சீதனமாக ஆங்கிலேயருக்குப் போன இடங்களில் ஒன்று பம்பாய். ஒரே கல்யாணம் இங்கிலாந்துக்கு ஒரு பானத்துக்கு மவுசையும் இந்தியாவில் ஒரு துறைமுகத்தையும் கொடுத்தது.

பூட்டும் வரியும்

அந்தக் காலத்தில் தேயிலை தங்கம் மாதிரி. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மட்டுமே இறக்குமதி உரிமை. அதற்கு மேல் அரசாங்க வரி. அதனால் பணக்கார வீடுகளில் தேயிலையைப் பூட்டுப் போட்ட சிறு பெட்டியில் வைத்து, சாவியை வீட்டுத் தலைவியே வைத்திருந்தார். வேலைக்காரர் கையில் கொடுக்கமாட்டார்கள். அந்தப் பெட்டிக்கு ஆங்கிலத்தில் ‘கேடி’ என்று பெயர். அது மலாய் மொழியின் ‘காத்தி’ என்ற எடை அளவிலிருந்து போன சொல். சந்தையில் காத்திக் கணக்கில் மீன் வாங்கிய நம் தாத்தா பாட்டிகளின் சொல், லண்டன் சீமாட்டியின் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறது!

வரி கூடினால் கள்ளக்கடத்தலும் கூடும். பதினெட்டாம் நூற்றாண்டில் கடற்கரைக் கிராமங்கள் பல திருட்டுத் தேயிலையை இறக்கிப் பிழைத்தன. காய்ந்த வேறு இலைகளைக் கலந்து விற்கும் கலப்படமும் நடந்தது. 1784இல் பிரதமர் இளைய பிட் ஒரு சட்டம் கொண்டுவந்து, தேயிலை வரியை 119 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காட்டுக்கு இறக்கினார். அவருக்கு ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர் தேயிலை வணிகர் ரிச்சர்ட் ட்வைனிங். அவருடைய தாத்தா 1706இல் வாங்கிய காப்பிக் கடையிலிருந்து வளர்ந்த வணிகம், ஸ்டிராண்ட் சாலையில் இன்றும் கடை வைத்திருக்கிறது. வரி குறைந்ததும் கடத்தல்காரர்களுக்குப் பிழைப்பு போச்சு. தேநீர் மெல்ல மெல்ல ஏழை வீட்டுக்கும் இறங்கியது. அரசாங்கம் இழந்த வருமானத்தை ஈடுகட்ட வீட்டுச் சன்னல்கள் மீதான வரியை உயர்த்தியது என்பது மாணவர்கள் ரசிக்கக்கூடிய செய்தி.

நாலு மணிக்கு ஏன்?

பிற்பகல் தேநீர் மிகப் பழைய வழக்கம் என்று தோன்றும். அப்படி இல்லை; அதற்கு இருநூறு வயதுகூட ஆகவில்லை. காரணம் சாப்பாட்டு நேரம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரின் முதன்மை உணவு பிற்பகலிலேயே நடந்தது. விளக்கெண்ணெய்ச் செலவு மிச்சம். பிறகு விளக்குகள் சீர்பட்டன. தெருவுக்கு எரிவாயு விளக்கு வந்தது. நாடாளுமன்றமும் அலுவலகங்களும் மாலை வரை நீண்டன. பணக்கார வீடுகளில் இரவு உணவு ஏழு மணி, எட்டு மணி என்று தள்ளிப்போனது. நடுப்பகலில் லேசாக ஏதோ கொறிப்பார்கள். அப்புறம் ஏழு மணி நேரம் வயிறு காய வேண்டும்!

இந்த இடத்தில்தான் பெட்ஃபோர்ட் சீமாட்டி அன்னா மரியா கதைக்குள் வருகிறார். விக்டோரியா அரசியின் அந்தரங்கத் தோழியருள் ஒருவர். 1840 வாக்கில், மாலை நேரத்தில் உடம்பு சோர்ந்துபோகிறது என்று தம் அறைக்குத் தேநீரும் ரொட்டியும் வெண்ணெயும் வரவழைத்தாராம். பிறகு தோழிகளையும் அழைத்தாராம். வழக்கம் பரவியதாம். இந்த ‘ஆம்’களைக் கவனியுங்கள். இது மரபுச் செய்தி. ஆனால் ஆதாரமே இல்லாத கதையும் இல்லை. ஃபேனி கெம்பிள் என்ற நாடக நடிகை, தாம் முதன்முதலில் பிற்பகல் தேநீரைக் கண்டது 1842இல், பெல்வோர் கோட்டையில், இதே சீமாட்டியின் அறையில்தான் என்று தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஒரு தனி ஆள் ஒரு வழக்கத்தைக் ‘கண்டுபிடித்தார்’ என்பதைவிட, ஒரு வகுப்பாருக்கே பசித்த நேரத்தில் ஒருவர் பெயர் நிலைத்துவிட்டது என்று சொல்வதே பொருத்தம்.

தட்டில் என்ன இருக்கு?

மூன்றடுக்குத் தட்டின் கீழே சாண்ட்விச், நடுவில் ஸ்கோன், மேலே கேக் வகைகள். சாப்பிடுவது கீழிருந்து மேலே. ஸ்கோன் சூடாக இருக்க வேண்டும் என்பதால் சில ஹோட்டல்களில் அதைத் தனியாகத் துணியில் சுற்றிக் கொண்டுவருவார்கள்.

சாண்ட்விச்சின் பெயர் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சாண்ட்விச் பிரபுவிலிருந்து வந்தது. தேநீர் மேசைக்கு வந்தபோது அது ஓரம் வெட்டப்பட்டு, விரல் அகலமாக இளைத்தது. உள்ளே வெள்ளரிக்காய். வெள்ளரியில் சத்து பெரிதாக இல்லை. அதுதான் அதன் பெருமை! வயிற்றை நிரப்ப வேண்டிய தேவை எனக்கு இல்லை என்று காட்டும் உணவு அது. ஆஸ்கார் வைல்டின் 1895ஆம் ஆண்டு நாடகமான ‘தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’ தொடக்கக் காட்சியில், அத்தைக்காக வைத்த வெள்ளரி சாண்ட்விச்சுகளை மருமகனே தின்று தீர்த்துவிடுவான். அன்றைய லண்டன் பார்வையாளர்கள் சிரித்ததற்குக் காரணம், அந்தத் தட்டின் மதிப்பு அவர்களுக்குத் தெரியும்.

கேக்குக்கும் ஒரு தேதி உண்டு. பர்மிங்காமைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரரின் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. மனைவிக்காக அவர் 1843இல் ஒரு பேக்கிங் பவுடரைக் கண்டுபிடித்தார். விக்டோரியா அரசியின் பெயர் கொண்ட பஞ்சு கேக் உப்பலாக எழுந்ததற்கு இந்த வகை மாவுதான் துணை. ஸ்கோனின் மேல் முதலில் பாலேடா, பழப்பாகா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை: டெவன்காரர்கள் பாலேட்டை முதலில் தடவுவார்கள், கார்ன்வால்காரர்கள் ஜாமை முதலில் தடவுவார்கள். இட்லிக்குச் சட்னியா சாம்பாரா என்று நம்ம வீட்டில் நடப்பதைவிட இது கடுமையானது.

பால் முதலிலா, தேநீர் முதலிலா என்பது இன்னொரு வழக்கு. எழுத்தாளர் ஜார்ஜ் ஓர்வெல், 1946 ஜனவரியில் ஒரு மாலை நாளிதழில் நல்ல தேநீருக்குப் பதினொரு விதிகள் எழுதினார். தேநீரை ஊற்றிய பிறகே பால் என்பது அவர் கட்சி. அவருடைய முதல் விதி நமக்கு முக்கியம்: இலை இந்தியாவினதாகவோ இலங்கையினதாகவோ இருக்க வேண்டும். இந்தியாவின் பீகாரில் பிறந்த ஓர்வெல் இதைச் சொன்னதில் வியப்பில்லை. ஆனால் நூறு ஆண்டுக்கு முன் இங்கிலாந்து குடித்ததெல்லாம் சீனத் தேயிலை. அந்த மாற்றத்தைப் பிறகு பார்ப்போம்.

பெண்கள் வெளியே வந்த கதை

வீட்டு வரவேற்பறையில் இருந்த தேநீர் எப்படி ஹோட்டலுக்குப் போனது? விக்டோரியா காலத்து லண்டனில் கௌரவமான ஒரு பெண், ஆண் துணை இல்லாமல் வெளியே உட்கார்ந்து சாப்பிட இடமே கிடையாது. காப்பிக் கடையும் கிளப்பும் சாராயக் கடையும் ஆண்களுக்கு. ரயில் வந்தது, பெரிய அங்காடிகள் வந்தன, பெண்கள் பொருள் வாங்க நகருக்கு வந்தார்கள். வந்தவர்கள் களைத்துப்போனால் எங்கே உட்காருவது?

1864இல் ஏரேட்டட் பிரெட் கம்பெனி என்ற ரொட்டி நிறுவனம் லண்டன் பாலத்தின் அருகே தன் முதல் தேநீர்க் கடையைத் திறந்தது. 1894இல் லயன்ஸ் நிறுவனம் பிக்கடிலியில் தன் முதல் தேநீர்க் கடையைத் திறந்தது. சுத்தமான மேசை, கட்டுப்படியாகும் விலை, யாரும் முறைத்துப் பார்க்காத சூழல். அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்த பெண்ணும், கடைக்கு வந்த இல்லத்தரசியும் தனியாக உட்கார முடிந்தது. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர்கள் கூடிப் பேசிய இடங்களில் தேநீர்க் கடைகளும் உண்டு. ஒரு கோப்பைத் தேநீரின் மறைவில் அரசியல் வளர்ந்தது என்று மாணவிகளுக்குச் சொல்லிப் பாருங்கள், கண் விரியும்.

லயன்ஸ் பற்றி இன்னொரு செய்தி. கடைகளுக்கான ரொட்டி, கேக் கணக்கைப் பார்க்க அந்த நிறுவனம் சொந்தமாக ஒரு கணினியையே கட்டியது. ‘லியோ’ என்ற அந்த இயந்திரம் 1951இல் வேலை தொடங்கியது. அலுவலகக் கணக்குக்காக அன்றாடம் இயங்கிய உலகின் முதல் கணினி அதுதான்.

பெரிய ஹோட்டல்கள்

எளிய கடைகள் ஒருபக்கம் பெருக, மறுபக்கம் மாளிகை போன்ற ஹோட்டல்கள் எழுந்தன. விக்டோரியா அரியணை ஏறிய அதே 1837இல் மேஃபேரில் பிரவுன்ஸ் ஹோட்டல் தொடங்கியது. தொடக்கியவர்கள் ஜேம்ஸ் பிரவுனும் அவர் மனைவி சாராவும். கவிஞர் பைரன் பிரபுவுக்குப் பணியாளராக இருந்தவர் ஜேம்ஸ். பைரனின் மனைவிக்குத் தோழிப்பெண்ணாக இருந்தவர் சாரா. பிரபுக்களுக்கு என்ன பிடிக்கும் என்று சமையற்கட்டுப் பக்கமிருந்து பார்த்தவர்கள்!

1865இல் லாங்ஹம் ஹோட்டல் திறந்தது. பிற்பகல் தேநீரைப் பரிமாறிய முதல் பெரிய ஹோட்டல் தாங்களே என்று அவர்கள் உரிமை கொண்டாடுகிறார்கள். 1889இல் தேம்ஸ் ஆற்றங்கரையில் சவாய் ஹோட்டல். மின்விளக்கும் மின்தூக்கியும் அன்றைக்கு அதிசயம். அதன் மேலாளர் சேசர் ரிட்ஸ், தலைமைச் சமையற்காரர் எஸ்காஃபியே. ரிட்ஸ், சுவிட்சர்லாந்தின் ஒரு மலைக் கிராமத்தில் விவசாயி வீட்டில் பதின்மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தவர். அவர் பெயரிலேயே 1906 மே மாதம் பிக்கடிலியில் ரிட்ஸ் ஹோட்டல் திறந்தது. வெளியே பிரெஞ்சு மாளிகை மாதிரி கல்; உள்ளே எஃகுச் சட்டகம். அப்படிக் கட்டப்பட்ட லண்டனின் ஆரம்பகாலக் கட்டடங்களில் அது ஒன்று.

ரிட்ஸில் தேநீர் பரிமாறும் கூடத்துக்குப் ‘பாம் கோர்ட்’, அதாவது பனைக் கூடம், என்று பெயர். லாங்ஹமிலும் அதே பெயர்தான். குளிர்நாட்டு ஹோட்டலுக்குள் கண்ணாடிக் கூரை, தொட்டியில் பனை வகைச் செடிகள், மெல்லிசை. வெப்பநாட்டிலிருந்து வரும் இலையைக் குடிக்க, வெப்பநாட்டுச் செடியின் நிழலும் வேண்டியிருந்தது போலும். 1913 வாக்கில் ‘டாங்கோ தேநீர்’ என்ற மோகம் கிளம்பியது: தேநீரும் உண்டு, நடுவில் எழுந்து நடனமும் உண்டு. ஆல்ட்விச்சில் 1908இல் திறந்த வால்டார்ஃப் ஹோட்டல் இதற்குப் பேர்போனது.

அந்த இலையைப் பறித்தது யார்?

இதுவரை சொன்னதெல்லாம் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் ஓரளவு கிடைக்கும். கையேட்டில் கிடைக்காத பக்கத்துக்கு இப்போது வருவோம். நம் மாணவர்களுக்கு இதுதான் முக்கியம்.

சீனர்கள் தேயிலைக்கு வெள்ளிக்காசு கேட்டார்கள். வெள்ளி கரைவதைப் பொறுக்காத ஆங்கிலேயர்கள், வங்காளத்தில் அபினி விளைவித்து, அதைச் சீனாவில் விற்கவைத்து, அந்தப் பணத்தில் தேயிலை வாங்கினார்கள். சீன அரசு அபினியைத் தடுத்தபோது 1839இல் போர் மூண்டது. 1842இல் ஹாங்காங் தீவு பிரிட்டனுக்குப் போனது. சீமாட்டி அன்னா தோழிகளைத் தேநீருக்கு அழைத்த அதே ஆண்டுகள்தான் இவை.

கோப்பையில் கரைந்த சர்க்கரை கரீபியன் தீவுகளில் அடிமைகள் வெட்டிய கரும்பு. அதை உணர்ந்த பல ஆங்கிலக் குடும்பங்கள் 1790களிலேயே அந்தச் சர்க்கரையைப் புறக்கணித்தன. அடிமைகள் விளைவிக்காத சர்க்கரை என்று எழுதிய கிண்ணங்கள்கூட விற்றன. நறுமணத் தேநீருக்குப் பெயர் கொடுத்த கிரே பிரபு 1830 முதல் 1834 வரை பிரதமர். அந்தத் தேநீருக்கு அவர் பெயர் வந்ததற்குப் பல கதைகள் சொல்வார்கள். உறுதியான செய்தி வேறு: அவர் ஆட்சியில், 1833இல், அடிமை ஒழிப்புச் சட்டமும் நிறைவேறியது, கம்பெனியின் சீன வணிக ஏகபோகமும் முடிவுக்கு வந்தது. அடிமைகள் போனதும் தோட்ட முதலாளிகள் யாரைத் தேடினார்கள்? இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை. 1834இலேயே மொரிஷியசுக்குக் கப்பல் போனது.

சீனத் தேயிலையை நம்பியிருக்க முடியாது என்றதும் பார்வை அஸ்ஸாம் பக்கம் திரும்பியது. அங்கே சிங்போ மக்கள் ஏற்கெனவே அந்த இலையைப் பயன்படுத்திவந்தார்கள். 1839 ஜனவரியில் அஸ்ஸாம் தேயிலை லண்டனில் முதன்முதலாக ஏலம் போனது. அடுத்தது இலங்கை. அங்கே காப்பித் தோட்டங்களை 1869 முதல் இலைத்துரு நோய் அழித்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1867இல், ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரா தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். காப்பி அழிந்த மலைகளில் தேயிலை ஏறியது. 1890இல் தாமஸ் லிப்டன் அங்கே போய்த் தோட்டங்களை வாங்கி, தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் குடுவைக்கு என்று விளம்பரம் செய்தார்.

நேரே என்றால்? நடுவில் யாரும் இல்லையா? இருந்தார்கள். திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துப்போன தமிழர்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். மிஞ்சியவர்கள் லயத்தில் குடியேறினார்கள். விடிகாலைப் பனியில் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகக் கிள்ளியவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1880களின் இறுதிக்குள் இந்திய, இலங்கைத் தேயிலை சேர்ந்து லண்டன் சந்தையில் சீனத் தேயிலையைப் பின்தள்ளியது. சவாயும் ரிட்ஸும் எழுந்த காலம் அதுதான்.

கங்காணி, லயம், பெரட்டு: இந்தச் சொற்களை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு நம் முன்னோரைக் கொண்டுவந்ததும் இதே முறைதான். கேமரன் மலையில் 1929இல் ‘போ’ தேயிலைத் தோட்டம் தொடங்கியபோது அங்கும் தமிழர் உழைப்பு உண்டு. இலங்கை மலையகத் தமிழர்களுக்கோ இன்னொரு அடியும் விழுந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒப்பந்தப்படி பல இலட்சம் பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவதாக முடிவானது. எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. உலகமே குடித்த தேநீரைக் கொடுத்தவர்களுக்கு ஓர் அடையாள அட்டை கிடைக்க அரை நூற்றாண்டு பிடித்தது.

போரும் பிறகும்

இரண்டாம் உலகப் போரில், 1940 ஜூலையில், பிரிட்டனில் தேயிலைக்குப் பங்கீடு வந்தது: ஆளுக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ், அதாவது சுமார் 57 கிராம். அது நீங்கியது 1952 அக்டோபரில். ஓர்வெல் பதினொரு விதி எழுதியது இந்தப் பஞ்ச காலத்தில்தான். ஒவ்வொரு கரண்டியும் கணக்கு. பிறகு காப்பிக் கடைகளும் விரைவு உணவும் வந்தன. வீட்டில் நாலு மணிக்கு மேசை விரித்துத் தேநீர் குடிப்பவர்கள் குறைந்தார்கள். 1679இல் தொடங்கிய லண்டன் தேயிலை ஏலம் 1998 ஜூனில் நின்றே போனது. ஏலம் இப்போது கொழும்பு, மொம்பாசா, கொல்கத்தா போன்ற விளையும் நாடுகளின் நகரங்களில் நடக்கிறது.

வீட்டில் குறைந்தது ஹோட்டலில் வளர்ந்தது. ரிட்ஸில் இன்று ஒரு நாளைக்கு ஐந்து அமர்வுகள். முதல் அமர்வு காலை பதினொன்றரைக்கே தொடங்கிவிடும். ‘பிற்பகல்’ என்பது பெயரில் மட்டும்தான்! சுற்றிப் பார்த்தால் பாதிப் பேர் பிறந்தநாள் கொண்டாட வந்தவர்கள், மீதிப் பேர் நம்மைப் போல் பயணிகள்.

நீங்கள் விடுமுறையில் லண்டன் போவதாக இருந்தால் சில குறிப்புகள். வாரக்கணக்கில் முன்னதாகப் பதிவு செய்துவிடுங்கள். ரிட்ஸ் போன்ற இடங்களில் ஜீன்ஸும் விளையாட்டுச் சப்பாத்தும் ஆகாது. சேலையோ ஜிப்பாவோ கம்பீரமாகவே இருக்கும். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி வேண்டாம், அல்லது சைவம் என்றால் பதியும்போதே சொல்லிவிடுங்கள், தனியாகச் செய்து தருவார்கள். சாண்ட்விச் தீர்ந்தால் பல இடங்களில் மறுபடி கொண்டுவருவார்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். கரண்டியைக் கோப்பையில் மோதாமல் கலக்குங்கள். சுண்டுவிரலைத் தூக்கிப் பிடிப்பது நாகரிகம் என்பது சினிமா சொன்னது, யாரும் எதிர்பார்ப்பதில்லை. கட்டணம் கூடுதல்தான். பட்டியலில் ‘சிலோன்’ என்று ஒரு வகை கட்டாயம் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிக் குடியுங்கள்.

வகுப்பறையில்

இந்த வரலாற்றை வகுப்பில் எப்படிப் பயன்படுத்தலாம்? மூன்று வழிகள் சொல்கிறேன்.

முதலாவது, மேசைப் பட்டியல். தேயிலை, சர்க்கரை, பீங்கான், வெள்ளரி, கேக் என்று ஐந்து பொருள்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றும் எந்த நாட்டிலிருந்து, எந்த ஆண்டு வாக்கில், யார் உழைப்பில் வந்தது என்று குழுவாகத் தேடச் சொல்லுங்கள். உலக வரைபடத்தில் கோடு இழுத்தால் ஒரு தட்டிலிருந்து ஐந்து கண்டத்துக்குக் கோடு போகும்.

இரண்டாவது, செய்தியும் கதையும். சீமாட்டி அன்னாவின் பசி, நடிகையின் நினைவுக்குறிப்பு, லாங்ஹம் ஹோட்டலின் உரிமைப் பேச்சு, 1784ஆம் ஆண்டுச் சட்டம் ஆகிய நான்கையும் கொடுத்து, எது உறுதியான சான்று, எது மரபுச் செய்தி, எது விளம்பரம் என்று பிரிக்கச் சொல்லுங்கள். இணையத்தில் வருவதை எல்லாம் நம்பும் வயதில் இது மிகத் தேவையான பயிற்சி.

மூன்றாவது, நேர்காணல். தோட்டத்தில் வேலை செய்த தாத்தா பாட்டி இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். தோட்டத்தில் தேத்தண்ணி எத்தனை மணிக்குக் குடித்தீர்கள், எதில் குடித்தீர்கள், சீனி கிடைத்ததா, யார் காய்ச்சினார்கள் என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். தகரக் குவளையில் குடித்த வெறுந்தேத்தண்ணிக்கும் ஒரு நேரம் இருந்திருக்கும், ஒரு முறை இருந்திருக்கும். லண்டன் சீமாட்டியின் நாலு மணியை எழுதிவைக்க ஒரு நடிகை இருந்தார். நம்ம பாட்டியின் நாலு மணியை எழுதிவைக்க அவர் பேரப்பிள்ளை இருக்கிறான். கேட்க வேண்டிய கேள்விகளை அவனுக்கு நாம் சொல்லிக்கொடுத்தால் போதும். அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்கட்டும்.